அடகு நகைக்கு மதிப்பில்லை, புல்லட் கம்பெனி பங்குக்கு பாதி மதிப்பு: வங்கிகளின் 'அவசரப் பணம்' கணக்கு என்ன?

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் வங்கிக் கிளைகளில் அடகு நகை பெட்டி பெட்டியா இருக்கும். ஆனா, 'உடனே பணமாகும் சொத்து' என்று ரிசர்வ் வங்கி போடும் கணக்கில் அந்த நகைக்கு இடமே கிடையாது. அது வாடிக்கையாளரோட நகை, நினைத்த நேரத்தில் விற்க முடியாது.

எதுக்கு இந்தக் கணக்கு?

நெருக்கடி வந்து 30 நாட்களில் வெளியேறக்கூடிய பணம் எவ்வளவோ, அந்த அளவுக்கு தரமான சொத்து வங்கியிடம் இருக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் இது 100% கட்டாயம்.

ரொக்கமும் அரசுக் கடன் பத்திரங்களும் முதல் நிலை. எண்ணூர் காமராஜர் துறைமுகம் போன்ற நிறுவனங்களின் பத்திரம், 'ஏஏ மைனஸ்' அல்லது அதற்கு மேல் தரக்குறியீடு இருந்தால் அடுத்த நிலை. 100 ரூபாய்க்கு 85 ரூபாய்தான் கணக்கு. நிஃப்டி பட்டியலில் உள்ள கம்பெனிகளின் பங்குக்கு, திருவொற்றியூரில் புல்லட் தயாரித்து வளர்ந்த ராயல் என்ஃபீல்டின் தாய் நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸ் உட்பட, பாதி மதிப்புதான். எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க ஓடினால் பங்கு விலை என்னாகும்? காசிமேட்டில் காலை ஏலத்தில் போன மீன் விலை சாயங்காலம் இருக்காது, அதே கதைதான்.

லட்சுமி விலாஸ் வங்கியில் நடந்தது

கரூரில் 1926-ல் தொடங்கிய இந்த வங்கி, 2020 செப்டம்பர் 27-ல் இந்த விகிதம் சுமார் 262% இருப்பதாக அறிவித்தது. தேவையைப் போல இரண்டரை மடங்கு! ஆனா நவம்பர் 17 மாலை, வாடிக்கையாளர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி தடை வந்தது. டெபாசிட் தொடர்ந்து வெளியேறுகிறது, பண இருப்பு குறைவு என்று ரிசர்வ் வங்கி காரணம் சொன்னது. தொடர் நஷ்டத்தில் மூலதன விகிதம் மைனஸுக்குப் போயிருந்ததை 262 என்ற எண் காட்டவில்லை. அது 30 நாள் கணக்கு மட்டும்தான். நவம்பர் 27-ல் டிபிஎஸ் வங்கியுடன் இணைந்ததும் டெபாசிட்தாரர்கள் தப்பினார்கள். பங்குதாரர்களுக்கு ஒரு ரூபாய்கூட கிடைக்கவில்லை.

இப்போ என்ன மாற்றம்?

2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் சுமார் 4,200 கோடி டாலர் வெளியேறியது. செல்போனில் பணம் இவ்வளவு வேகமாக ஓடும் என்பதால், நெட் பேங்கிங், மொபைல் பேங்கிங் வசதியுள்ள சில்லறை டெபாசிட்டுகளுக்கு கூடுதலாக 2.5% வெளியேறலாம் என்று வங்கிகள் கணக்கிட வேண்டும் என 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வரைவில் 5% இருந்தது. கருத்துக் கேட்புக்குப் பிறகு பாதியாகக் குறைந்தது. அமலாகும் தேதி 2026 ஏப்ரல் 1.