அரியர் இல்லையா? யெஸ் சார்!

கேம்பஸ் இன்டர்வியூ நடக்கிறது. "டோன்ட் யூ ஹாவ் எனி அரியர்ஸ்?" என்று கேட்கிறார்கள். எல்லாப் பேப்பரும் முதல் தடவையிலேயே பாஸ் செய்த பையன் சந்தோஷமாக "யெஸ் சார்" என்கிறான். போச்சு! எதிரே இருப்பவர் காதில் விழுந்தது "அரியர் இருக்கு".

பையன் முட்டாள் இல்லை. அவன் தமிழில் யோசித்தான். "அரியர் எதுவும் இல்லையா?" "ஆமா சார், இல்லை." நம்ம ஊர் 'ஆமா' கேட்டவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிற வார்த்தை. ஜப்பான்காரர்களும் இப்படித்தான் பதில் சொல்வார்கள். ஆங்கிலத்து 'யெஸ்', 'நோ' கேள்வியைப் பார்ப்பதில்லை, பின்னால் வருகிற பதிலைத்தான் பார்க்கும். 'ஐ டூ' என்றால் யெஸ். 'ஐ டோன்ட்' என்றால் நோ. 'யெஸ், ஐ டோன்ட்' என்று ஒன்று கிடையவே கிடையாது.

வேடிக்கை என்னவென்றால் வெள்ளைக்காரனுக்கே இது ஒரு காலத்தில் தகராறுதான். பழைய ஆங்கிலத்தில் சாதாரணக் கேள்விக்கு 'யே', 'நே'. எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்', 'நோ'. ஆக நாலு வார்த்தை. பைபிளை மொழிபெயர்த்த டின்டேலுக்கு 'நே', 'நோ' வித்தியாசம் தெரியவில்லை என்று 1532-ல் தாமஸ் மோர் பிடித்துத் திட்டினார். திட்டும்போது அவரே ஓரிடத்தில் விதியை மாற்றிச் சொல்லிவிட்டார் :-) பிறகு யே, நே வழக்கொழிந்து போக, மிச்சம் இரண்டே வார்த்தை. பிரெஞ்சில் எதிர்மறைக் கேள்வியை மறுக்க 'சி' என்று தனி வார்த்தை இன்னும் இருக்கிறது.

"டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" இன்னொரு கண்ணி. நாட்டும் இல்லை, நோவும் இல்லை. ஆனால் மொட்டையாக 'யெஸ்' என்றால் "உட்காராதே" என்று அர்த்தம்! சிரித்துக்கொண்டே சொன்னால் தப்பிக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் "சேஞ்ச் இன்ட்டு நெகட்டிவ்" என்று பக்கம் பக்கமாக எழுத வைக்கிறார்கள். அந்த நெகட்டிவில் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்று ஒரு பீரியட் சொல்லித் தந்திருக்கலாம். இப்போதைக்கு வழி ஒன்றுதான். யெஸ்ஸோடு நிறுத்தாமல் முழு வாக்கியமும் சொல்லிவிடுங்கள். "ஐ டோன்ட் ஹாவ் எனி அரியர்ஸ், சார்." இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

கேட்கிறவர்களும் "டூ யூ ஹாவ் அரியர்ஸ்?" என்று நேராகக் கேட்டால் என்னவாம்?