பதக்கம் சிலருக்கு, பரிசோதனை எல்லாருக்கும்

கல்வி அமைச்சு அறிவித்துள்ள புதிய பள்ளிக் கலைத்திட்டம் 2027ஆம் ஆண்டில் முதலாம் ஆண்டு மாணவர்களிடமும் முதலாம் படிவ மாணவர்களிடமும் தொடங்கவிருக்கிறது. அன்று முதலாம் ஆண்டில் காலடி வைக்கும் குழந்தை, 2037இல் எஸ்.பி.எம். தேர்வு எழுதும். அந்தப் பத்து ஆண்டுகளில் அது அறிவியலை நேசிக்குமா, அஞ்சி ஒதுங்குமா என்பது இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் முடிவாவதில்லை. பெரும்பாலும் ஏழு முதல் பத்து வயதுக்குள், தொடக்கப்பள்ளி மேசையில், தன் கையால் ஒன்றைச் செய்து பார்த்ததா இல்லையா என்பதில் முடிவாகிவிடுகிறது.

இதைப் பற்றி இப்போது பேசக் காரணம் உண்டு. உலக நாடுகளின் மாணவர்களைக் கணிதத்திலும் அறிவியலிலும் ஒப்பிடும் திம்ஸ் ஆய்வின் 2023ஆம் ஆண்டு முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன. அறிவியலில் நம் நாட்டு இரண்டாம் படிவ மாணவர்கள் பெற்ற சராசரிப் புள்ளி 426. 2003இல் அதே ஆய்வில் நாம் பெற்றது 510. 2011இல் 426க்குச் சரிந்தோம், 2015இல் 471க்கு மீண்டோம், 2019இல் 460, இப்போது மறுபடியும் 426. அண்டை நாடான சிங்கப்பூர் 2023இல் பெற்றது 606. பதினைந்து வயதினரைச் சோதிக்கும் பிசா ஆய்விலும் நமது அறிவியல் புள்ளி 2018இல் 438ஆக இருந்து 2022இல் 416ஆக இறங்கியது.

இந்த எண்களுக்கு ஒரே ஒரு காரணத்தைச் சொல்வது நேர்மையாகாது. பெருந்தொற்றுக் காலப் பள்ளி மூடல், பயிற்றுமொழி மாற்றங்கள், ஆசிரியர் பற்றாக்குறை எனப் பல உண்டு. ஆனால் இரண்டாம் படிவ மாணவரின் அறிவியல் அறிவு இரண்டாம் படிவத்தில் மட்டும் உருவானதல்ல. அதன் வேர் தொடக்கப்பள்ளியில் இருக்கிறது.

மாறிக்கொண்டே வந்த பாடம்

தொடக்கப்பள்ளி அறிவியல் நம் நாட்டில் பலமுறை உருமாறியிருக்கிறது. முன்பு 'ஆலாம் டான் மானுசியா' என்ற பெயரில் இயற்கையும் சமூகமும் கலந்த பாடம் இருந்தது. 1990களில் அறிவியல் தனிப் பாடமானது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. அந்தக் கொள்கையைக் கைவிடும் முடிவு 2009 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. 2011இல் வந்த கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டத்தில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு அறிவியலும் தொழில்நுட்பமும் இணைந்த ஒரு பாடம் தரப்பட்டது. 2017இல் சீரமைக்கப்பட்ட கலைத்திட்டத்தில் முதலாம் ஆண்டிலிருந்தே அறிவியல் மீண்டும் தனிப் பாடமானது. இப்போது 2027 கலைத்திட்டத்தில் 'ஆலாம் டான் மானுசியா' என்ற பெயர் மறுபடியும் வருகிறது. தொடக்க வகுப்புகளில் அறிவியலைப் பிற பாடக் கூறுகளோடு ஒருங்கிணைப்பதே அதன் நோக்கம்.

ஒருங்கிணைப்பதில் தவறில்லை. குழந்தை உலகத்தைப் பாடம் பாடமாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் ஒருங்கிணைக்கும்போது எது முதலில் காணாமல் போகும் என்பதைக் கவனிக்க வேண்டும். வண்ணம் தீட்டுவதும் பாட்டுப் பாடுவதும் எளிது. அளவுகோல், வெப்பமானி, தராசு ஆகியவற்றை எடுத்து வைத்து, முப்பது குழந்தைகளுக்குப் பங்கிட்டு, சிந்தியதைத் துடைத்து, பிறகு பேச வைப்பது கடினம். நேரம் குறைந்தால் முதலில் விடுபடுவது இதுதான்.

தேர்வு என்ன செய்தது?

யு.பி.எஸ்.ஆர். எழுதிய அண்ணன்மார், அக்காமார் இப்பக்கத்தைப் படித்தால் அறிவியல் தாளின் இரண்டாம் பகுதி நினைவுக்கு வரும். ஒரு பரிசோதனையின் படம், அதன் கீழ் ஓர் அட்டவணை. தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எது, கருதுகோள் என்ன? கேள்விகள் நல்லவைதான். ஆனால் அந்தப் பரிசோதனையை ஒருமுறைகூடச் செய்யாமலேயே, விடை எழுதும் வாய்பாட்டை மட்டும் மனனம் செய்து முழுப் புள்ளி வாங்க முடிந்தது. 'பெக்கா' என்ற செய்முறை மதிப்பீடு பள்ளியளவில் இருந்தாலும், பெற்றோரின் கண்ணும் பள்ளியின் கண்ணும் எழுத்துத் தேர்வின் மீதே இருந்தன.

2021இல் யு.பி.எஸ்.ஆர். முற்றாக அகற்றப்பட்டது. இது நல்ல வாய்ப்பு. தேர்வுக்காக விரைந்து ஓட வேண்டியதில்லை என்றால் செய்து பார்க்க நேரம் கிடைக்கும். ஆனால் தேர்வு போனதும் பயிற்சித்தாள் தானாகப் போய்விடவில்லை. தேர்வு இருந்தபோது குறைந்தபட்சம் மாறிகளின் பெயராவது தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை, செய்முறையும் இல்லை என்றால், குழந்தைக்கு இரண்டு பக்கமும் இழப்புதான்.

தாசேக் கெலுகோரிலிருந்து பார்த்தால்

பினாங்கு என்றதும் நம் நினைவுக்கு வருவது தீவும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளும்தான். 1972இல் அங்கே தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியது முதல் மின்னணுத் தொழில் இந்த மாநிலத்தின் முதுகெலும்பு. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசிய அரைக்கடத்தி வியூகம் 60,000 திறன்மிக்க பொறியாளர்களை உருவாக்க இலக்கு வைத்துள்ளது. அந்த 60,000 பேரில் தோட்டப்புறத் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்?

கொம்தாரில் 2016இல் திறக்கப்பட்ட டெக் டோம் அறிவியல் மையம் நல்ல முயற்சி. ஆனால் பெருநிலத்தில், செபராங் பிறை வடக்கில் இருக்கும் தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு வகுப்பை அங்கே அழைத்துப் போக, பேருந்துக் கட்டணம், பெற்றோர் அனுமதி, ஒரு முழு நாள் என எல்லாம் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை போனாலே பெரிது. மீதி நாள்களுக்கு அறிவியல் எங்கே இருக்கும்? பள்ளியில்தான் இருக்க வேண்டும்.

மேஃபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி அமைந்துள்ள இந்த வட்டாரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் செம்பனை, ஒரு காலத்தில் ரப்பர். நடுவே இரட்டை ரயில் தடம். இதைவிடப் பெரிய ஆய்வுக்கூடம் எந்த நகரப் பள்ளிக்கு வாய்க்கும்?

ரப்பர்ப் பாலில் ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறைய வைத்ததைத் தாத்தா பாட்டிகள் அறிவார்கள். வீட்டில் ஒரு குவளை வெதுவெதுப்பான பசும்பாலில் இரண்டு கரண்டி வினிகர் விட்டால் அது திரிந்து கட்டியாவதைக் குழந்தை பார்க்கும். இரண்டிலும் நடப்பது ஒன்றே: விலகி நின்ற நுண்துகள்களை அமிலம் ஒன்றுசேர வைக்கிறது. தாத்தாவின் வேலையில் வேதியியல் இருந்தது என்று ஒரு குழந்தைக்குத் தெரிவது சிறிய செய்தியா?

ரயில் தடத்தையே எடுத்துக்கொள்வோம். வெப்பத்தில் இரும்பு விரியும், அதற்காகத் தண்டவாளத்தில் இடைவெளி விடுவார்கள் என்று படித்திருப்போம். ஆனால் இன்றைய புதிய தடங்களில் தண்டவாளங்கள் நீளமாகப் பற்றவைக்கப்பட்டு, இடைவெளி இல்லாமல் ஓடுகின்றன. கட்டைகளும் பிடிப்பான்களும் அவற்றை இறுக்கிப் பிடித்து, விரிய விடாமல் தடுக்கின்றன. நிலைய மேடையில் பாதுகாப்பாக நின்று உற்றறியும் குழந்தை, "புத்தகத்தில் இடைவெளி இருக்கிறது, இங்கே இல்லையே, ஏன்?" என்று கேட்கும். அந்தக் கேள்விதான் அறிவியலின் தொடக்கம்.

கை மட்டும் போதுமா?

இங்கே ஒரு மாற்றுக் கருத்தையும் கேட்க வேண்டும். செய்முறை என்றாலே நல்லது என்று எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்வதில்லை. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவர் 2006இல் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. வழிகாட்டுதல் இல்லாமல் குழந்தைகளைத் தாமே கண்டுபிடிக்க விட்டால், புதிதாகக் கற்பவர்கள் குழம்பித்தான் போவார்கள் என்பது அவர்கள் வாதம்.

அதில் உண்மை இருக்கிறது. வினிகரும் சமையல் சோடாவும் கலந்து எரிமலை பொங்க வைத்தால் குழந்தைகள் கைதட்டுவார்கள். ஆனால் ஏன் பொங்கியது, சோடாவை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்காவிட்டால், அது வித்தை, அறிவியல் அல்ல. ஆசிரியர் ஒருவரே முன்னால் நின்று செய்து காட்ட, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பதும் அப்படித்தான்.

நல்ல செய்முறைக்கு மூன்று படிகள் போதும். முதலில் குழந்தை முன் அனுமானிக்க வேண்டும். பிறகு செய்து அளக்க வேண்டும். கடைசியில், நினைத்ததும் நடந்ததும் ஏன் வேறுபட்டன என்று பேச வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு நூல், மூன்று இரும்பு வாஷர், நேரம் பார்க்க ஒரு கைப்பேசி. நூலின் நுனியில் ஒரு வாஷரைக் கட்டி, தொங்கும் இடத்திலிருந்து வாஷரின் நடுப்பகுதி வரை 1 மீட்டர் இருக்குமாறு தொங்க விடுங்கள். சற்றே இழுத்து விட்டால், 10 முறை போய் வர ஏறக்குறைய 20 வினாடி ஆகும். இப்போது கேளுங்கள்: மூன்று வாஷர் கட்டினால் வேகமாக ஆடுமா, மெதுவாக ஆடுமா? ஏதாவது மாறும் என்றே பெரும்பாலான குழந்தைகள் சொல்வார்கள். மூன்றையும் ஒரே இடத்தில், நீளம் மாறாமல் கட்டிப் பாருங்கள். அதே 20 வினாடிதான். பிறகு நூலை 50 சென்டிமீட்டராக்கினால்? பாதி நேரம் என்பார்கள். வருவது ஏறக்குறைய 14 வினாடி. பாதி நேரம் வேண்டுமென்றால் நூலை 25 சென்டிமீட்டருக்குக் குறைக்க வேண்டும். ஒன்பது வயதுக் குழந்தைக்குச் சூத்திரம் தேவையில்லை. "நான் நினைத்தது தவறு, அளந்தது சரி" என்று அது ஒருமுறை உணர்ந்தால் போதும். மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்றால் என்ன என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

மற்ற இடங்களில் கண்ட பாடம்

இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. மலிவான பொருள்களைக் கொண்டு கிராமத்துப் பிள்ளைகள் தாமே பரிசோதனை செய்தார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதினார்கள். செய்முறைக்கும் தேர்வு இருந்தது. 1978இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. முப்பது ஆண்டுகள் ஓடிய அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. செய்முறைக் கல்வி ஏழைப் பள்ளியிலும் முடியும் என்பது இதில் ஒரு பாடம். அரசின் ஆதரவு விலகினால் முப்பது ஆண்டு உழைப்பும் நிற்காது என்பது இன்னொரு பாடம்.

பிரான்சில், இயற்பியலுக்காக 1992இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷார்பாக், 1996இல் தொடக்கப்பள்ளிகளுக்காக ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். குழந்தைகள் பரிசோதனை செய்து, சொந்த நடையில் குறிப்பேடு எழுதினார்கள். அறிவியல் பயிலும் பல்கலைக்கழக மாணவர்கள் தொடக்கப்பள்ளிகளுக்குச் சென்று ஆசிரியர்களுக்குத் துணை நின்றார்கள்.

தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட 'வானவில் மன்றம்' திட்டமும் இதே வழியில் செல்கிறது. பயிற்சி பெற்ற கருத்தாளர்கள் கருவிகளோடு அரசுப் பள்ளிகளுக்குச் சென்று, ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர்களைப் பரிசோதனை செய்ய வைக்கிறார்கள்.

நம் நாட்டில் நாம் வெறுங்கையோடு இல்லை. அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கச் சங்கமான அஸ்தி பல ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் விழா நடத்தி வருகிறது. அனைத்துலகப் புத்தாக்கப் போட்டிகளில் தமிழ்ப்பள்ளிகள் பதக்கம் வெல்வதை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். பெருமைதான். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது: போட்டிக்குச் சென்ற மூன்று, நான்கு மாணவர்களைத் தவிர அந்த வகுப்பில் மீதி இருந்தவர்கள் எத்தனை பரிசோதனை செய்தார்கள்? பள்ளியின் அறிவியல் நலத்தை அளக்கப் பதக்கத்தை எண்ணுவதைவிட, கடைசி இருக்கையில் இருக்கும் குழந்தையின் கை எத்தனை முறை நனைந்தது என்று எண்ணுவதே மேல்.

இங்கே சிறிய பள்ளிக்கு ஒரு சாதகம் உண்டு. மாணவர் எண்ணிக்கை 150க்கும் குறைந்த பள்ளிகளைப் பற்றி நாம் கவலையோடு பேசுகிறோம். ஆனால் ஒரு வகுப்பில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் நூல் கட்டத் தரலாம். நாற்பது பேர் இருக்கும் நகர வகுப்பில் அது கனவு. பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் சிறியவை இதைத் தம் அடையாளமாகவே ஆக்கிக்கொள்ளலாம். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்கும் அது ஒரு பதிலாக இருக்கும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தமிழில் அறிவியல் படித்தால் இடைநிலைப்பள்ளியில் தடுமாறுவார்கள் என்ற அச்சம் பலரிடம் உண்டு. ஈரத் துணியை நிழலிலும் வெயிலிலும் காயப்போட்டு நேரம் பார்த்த குழந்தைக்கு, 'ஆவியாதல்' என்பது கண்ணால் கண்ட நிகழ்ச்சி. முதலாம் படிவத்தில் அதற்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ இன்னொரு பெயர் வரும்போது, அது தெரிந்தவருக்கு வைத்த புதுப் பெயர். காணாமல் மனனம் செய்தவருக்குத்தான் மூன்று மொழியிலும் அது வெறும் சொல்.

நீங்கள் என்ன செய்யலாம்?

இதைப் படிக்கும் இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழக மாணவர்களே, கலைத்திட்டத்தை நீங்கள் எழுதப் போவதில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமைக் காலை உங்களிடம் இருக்கிறது. பெர்மாத்தாங் பாவிலும் நிபோங் திபாலிலும் பொறியியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்தால், ஒரு பள்ளியில் மாதம் ஒரு பரிசோதனை நடத்தலாம். நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் முதலில் பாருங்கள்; முறையான அனுமதி பெறுங்கள். அந்த மாதம் வகுப்பில் என்ன பாடம் என்று ஆசிரியரிடம் கேட்டு, அதற்கு ஏற்ற ஒரே ஒரு பரிசோதனையைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் இரண்டு முறை செய்து பாருங்கள். நெருப்பு, கூரான பொருள், கடும் அமிலம் வேண்டாம். எல்லாக் குழந்தைகளுக்கும் போதுமான பொருள் கொண்டு போங்கள். விடையை மட்டும் கொண்டு போகாதீர்கள்.

ஒரு முறை போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது எளிது. பத்து மாதம் தொடர்ந்து போவதுதான் கடினம். பயன் தருவதும் அதுதான். 2027இல் முதலாம் ஆண்டுக்கு வரும் குழந்தைகள் இப்போதே எங்கோ மழைநீரில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது ஏன் மிதக்கிறது என்று அவர்களிடம் கேட்க ஆள் வேண்டும்.