மிதக்கும் காற்றாலைகள்: கணனி போட்ட கணக்கை எவ்வளவு நம்பலாம்?

2024 செப்டெம்பரில் வெளியான பிரித்தானிய அரசின் மின்சார ஏல முடிவுகளில் இரண்டு விலைகள் என் கண்ணில் பட்டன. கடல் தரையில் ஊன்றிய காற்றாலைகளுக்கு ஒரு மெகாவோட் மணிக்கு 54 முதல் 59 பவுண் வரை. ஸ்கொட்லாந்துக் கரைக்கு அப்பால் மிதக்கவிருக்கும் கிறீன் வோல்ற் திட்டத்துக்கோ ஏறத்தாழ 140 பவுண். (எல்லாம் 2012ஆம் ஆண்டு விலை மட்டத்தில்.) இடைவெளியின் பெரும்பகுதி எஃகு, நங்கூரம், கப்பல், வட்டி. ஆனால் சந்தேகத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைப்பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

படகு போன வழியில் தண்ணீர் கலங்கிக் கிடப்பதைக் கரையோரத்தவர்கள் அறிவார்கள். காற்றாலைக்குப் பின்னாலும் அப்படித்தான்: வேகம் குறைந்து சுழித்துப்போன காற்று பல கிலோமீற்றருக்கு நீளும். இதைப் பின்தடம் என்போம். காற்றின் வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு மாறுவதால், வேகம் பத்து வீதம் குறைந்தால் அதிலுள்ள வலு 27 வீதம் குறைந்துவிடும். மன்னாரின் தம்பபவனியைப் போலக் கரையோரமாக வரிசையாக நின்றால், கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்றில் இது பெரிய தொல்லையில்லை. வட கடலில் வரிசைக்குப் பின்னால் வரிசையாக நூற்றுக்கணக்கில் நிற்கும் பண்ணைகளுக்கு இது இலாப நட்டக் கணக்கு.

அந்தக் கணக்குப் பிழைத்ததும் உண்டு. 2019 ஒக்டோபரில் டென்மார்க்கின் ஓஸ்ரெட் நிறுவனம், பின்தட இழப்பையும், பண்ணைக்கு முன்னாலேயே காற்று தடைப்பட்டு மந்தமாவதையும் குறைத்து மதிப்பிட்டிருந்ததாகத் தானே அறிவித்தது. அன்றே பங்கு விலை இறங்கியது. இத்தனைக்கும் அவை ஆடாமல் நிற்கும் காற்றாலைகள். துறையில் மிகுந்த அனுபவமுள்ள நிறுவனம்.

மிதப்பவை முன்னும் பின்னும் ஆடுகின்றன, பக்கவாட்டில் அசைகின்றன. காற்றின் தள்ளலில் பின்னுக்குச் சரிந்து நிற்கும்போது பின்தடம் மேல்நோக்கித் திரும்புகிறது. 1983இல் ஜென்சன் எழுதிய எளிய சூத்திரம் பின்தடத்தை நேராக விரியும் கூம்பாகவே கருதுகிறது. அதன் வழிவந்த மாதிரிகள் நொடியில் விடை தரும். ஆயிரம் அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய பொறியியலாளருக்கு அது வேண்டும். மறுமுனையில், சுழிகளைத் தனித்தனியே கணிக்கும் முறைகளுக்கு மீக்கணனியும் நாள்கணக்கான நேரமும் தேவை.

மிலான் நகரின் காற்றுச் சுரங்கத்தில், 178 மீற்றர் விட்டமுள்ள சுழலியை 75இல் ஒரு பங்காகச் சுருக்கி, ஆட்டியும் அசைத்தும் அளந்தார்கள். ஓ.சி.6 என்ற சர்வதேசத் திட்டம் அந்த அளவீடுகளோடு பல கணனி முறைகளை ஒப்பிட்டு, பின்தடம் பற்றிய முடிவுகளை 2023இல் வெளியிட்டது. அசைவு வேகமாகும்போது கணனிகள் ஒன்றுக்கொன்று கணிசமாக முரண்பட்டன. தூரப் பின்தடத்தில், அசைவால் வரும் ஏற்ற இறக்கத்தைச் சில நிலைமைகளில் கூட்டியே சொன்னன.

மிதக்கும் காற்றாலையின் அசைவு காற்றைக் கலக்கிப் பின்தடத்தை விரைவில் ஆற்றிவிடும் என்பதே துறையின் ஆசை. ஓ.சி.6 அதற்கு ஆதரவு தரவில்லை; விளைவு சொற்பம், சிலவேளை எதிராகவும் இருக்கலாம் என்றது. ஆனால் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் பல்கலைக்கழகத்தாரின் 2024 ஆய்வில் பின்தடம் உண்மையாகவே விரைவில் தேறியது. இவை முழுமையான முரண்பாடு அல்ல என்பது என் வாசிப்பு. சீரான காற்றில், விட்டத்தில் நூறில் ஒரு பங்கு பக்க அசைவே பின்தடத்தைப் பாம்புபோல் நெளியவைக்கலாம் என்று இன்னொரு கணிப்பு காட்டியிருக்கிறது. கடற்காற்று ஏற்கனவே கொந்தளித்துக்கொண்டிருந்தால் அந்தச் சிறு அசைவு அதற்குள் கரைந்துபோகும். எனவே எந்தக் காற்றில் கணித்தார்கள் என்று கேட்காமல் ஒரு முடிவைத் தூக்கிப் பிடிக்கக்கூடாது.

கடலில் ஒப்பிட்டுப் பார்க்கவும் அதிகமில்லை. 2017இல் தொடங்கிய ஹைவின்ட் ஸ்கொட்லாந்தில் ஐந்து காற்றாலைகள். 2023இல் திறக்கப்பட்ட நோர்வேயின் ஹைவின்ட் டாம்பெனில் பதினொன்று. ஐந்தும் பதினொன்றும் ஐம்பது, நூறு காற்றாலைப் பண்ணையின் உள்வரிசைக்குச் சாட்சி சொல்லாது. ஆனால் 2022இல் ஸ்கொட்லாந்து குத்தகைக்கு விட்ட ஏறக்குறைய 25 கிகாவோட்டில் பாதிக்கு மேல் மிதப்பவை.

பிரித்தானிய ஒப்பந்தத்தில் உற்பத்தியான மின்சாரத்துக்கே பணம். குறைந்தால் நட்டம் கம்பனிக்கு. அதனால் அடுத்த ஏலத்தில் அது விலையைக் கூட்டிக் கேட்கும். அதைக் கட்டுவது மின்பாவனையாளர். ஆகவே விலையோடு சேர்த்து, எந்தக் கணிப்பு முறையால் பின்தட இழப்பைக் கண்டார்கள், வழு எல்லை எவ்வளவு என்பதையும் ஏலத்தில் பகிரங்கப்படுத்தக் கேட்கவேண்டும் என்பேன்.