பெயின்ட் கடைசியில் அடிக்கட்டும்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றதும் நாடெங்கும் பழைய வண்டிகளுக்குக் கிராக்கி ஏறியது. 2025 பெப்ரவரியில் தடை தளர்ந்தும், வரிச்சுமையால் புது மோட்டார் சைக்கிள் பலருக்கு எட்டாக்கனிதான். கல்முனையில் முற்றத்து மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் ஹொண்டா, யமஹா ட்ரெயில் வண்டியை வாங்கி மீட்டெடுப்பது வீண்வேலையல்ல. மழைக்காலத்தில் சேறாகும் வயல் வட்டைப் பாதைக்கு உயர்ந்த உடலும் பெரிய முன்சில்லும் கொண்ட அந்த வண்டி நன்கு பொருந்தும்.

ஆனால் பலர் பெயின்டில்தான் தொடங்குகிறார்கள். அது தப்பு.

முதலில் பதிவுப் புத்தகம். அதிலுள்ள செசி, எஞ்சின் இலக்கங்கள் வண்டியில் பொறித்தவற்றோடு பொருந்தாவிட்டால் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. அடுத்து காபரேட்டர். நீண்டநாள் தேங்கிய பெற்றோல் பிசினாகி, ஊசித்துளையளவு ஜெட்டை அடைத்திருக்கும். கழற்றிக் கழுவிக் காற்றடித்தால் பல வண்டிகள் உயிர்பெறும். டாங்கியின் உட்துருவை எடுக்காவிட்டால் அடைப்பு திரும்ப வரும்.

கடற்கரை ஊரில் கம்பிகளையும் செயினையும் உப்புக்காற்று தின்றுவிடும். பிரேக்கும் கம்பிகளும் சரியாகாமல் எந்த கராஜும் அந்த வண்டியை இளைஞர் கையில் கொடுக்கக் கூடாது.