கடல் உள்வாங்கிடுச்சாம்... யார் போய்ப் பாத்தது?

ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி, டிசம்பர் 26-ஐ ஒட்டின ஒரு ராத்திரி. குடும்ப வாட்ஸப் குரூப்ல பெரியப்பா ஒரு ஆடியோவைத் தட்டி விட்டார். காரைக்கால் பீச்ல கடல் உள்வாங்கிடுச்சாம், எல்லாரும் உடனே கெளம்பணுமாம். பேசினது யாருன்னு தெரியாது. ஆனா குரல்ல அழுகை. பீச் ரோட்டுப் பக்கம் குடியிருக்கற அத்தை, சுகர் மாத்திரையையும் வீட்டுப் பத்திரத்தையும் பையில போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்துட்டாங்க.

நான் என்ன செஞ்சேன்? சென்னையில உக்காந்துக்கிட்டு இங்கிலீஷ்ல ஒரு லிங்க்கை ஒட்டினேன். கூடவே "ஆராயாம ஃபார்வர்ட் பண்ணாதீங்க"ன்னு அட்வைஸ் வேற. ஒருத்தரும் திறந்துகூடப் பாக்கல. பெரியப்பா மட்டும் ஒரு வரி பதில் போட்டார்: "தம்பி, 2004ல நீ இங்க இருந்தியா?" இல்லதான்.

கடைசியில அத்தையைத் தூங்க வெச்சது யாரு தெரியுமா? தெனம் மீன் கொண்டு வர்ற கிளிஞ்சல்மேட்டு அக்கா. "நான் கரையிலதான் நிக்கிறேன்க்கா. அலை எப்பவும் போலத்தான் அடிக்குது. போய்ப் படுங்க." இருபது செகண்ட் வாய்ஸ் மெசேஜ். கதை முடிஞ்சது.

அன்னைக்கு மண்டையில உறைச்ச விஷயத்தைத்தான் இங்க எழுதறேன். திட்டறவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டுங்க.

"படிக்காத ஜனங்க வதந்தியை நம்புறாங்க, நாமதான் திருத்தணும்" - இது நம்மள மாதிரி ஆளுங்களோட செல்லப் பாட்டு. சுத்தப் பொய். எங்க கரையோரம் பரவின பெரிய பீதிகள்ல ஒண்ணு, டெல்லியில இருந்து வந்தது. 2004 டிசம்பர் 30, சுனாமி அடிச்ச நாலாவது நாள். மறுபடியும் சுனாமி வரலாம்னு மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எச்சரிக்கை அனுப்புச்சு. நாகப்பட்டினத்துல செத்தவங்களைத் தேடிக்கிட்டு இருந்தவங்க, நிவாரண வேலை செஞ்சவங்க எல்லாரும் போட்டது போட்டபடி ஓடினாங்க. அலை வரல. அமெரிக்காவுல ஏதோ ஒரு தனியார் கம்பெனி சொன்னதாம். அப்புறம் அறிவியல் துறை அமைச்சர் கபில் சிபலே வந்து இதுக்கு அறிவியல் ஆதாரம் இல்லன்னு சொன்னார். இப்ப சொல்லுங்க, ஆராயாம ஃபார்வர்ட் பண்ணது யாரு?

அதுக்கு நாலு நாள் முன்னாடி நடந்த இன்னொண்ணையும் பாருங்க. எங்க யூனியன் பிரதேசத்துலயே, புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடுன்னு ஒரு மீனவ கிராமம். சிங்கப்பூர்ல இருந்த அந்த ஊர்ப் பையன் டிவியில செய்தி பாத்துட்டு வீட்டுக்கு போன் அடிச்சான். ஊர்க்காரங்க ஓடிப்போய் அங்க இருந்த தகவல் மையத்தை உடைச்சுத் திறந்து, ஒலிபெருக்கியில கத்தினாங்க. சுமார் 3,600 பேர் இருந்த ஊர். வீடு போச்சு, படகு போச்சு. உயிர் போகல.

இதை "ஒரு போன்கால் காப்பாத்திச்சு"ன்னு சினிமா மாதிரி சொல்லிட்டுப் போயிடறாங்க. விஷயம் அது இல்லீங்க. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல புதுச்சேரி கிராமங்கள்ல ஆரம்பிச்ச தகவல் மையங்கள்ல அதுவும் ஒண்ணு. இடம் ஊர் குடுத்தது. நடத்தினது ஊர் ஆளுங்க. வீராம்பட்டினத்துல அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்துல இருந்து அலை உயரத்தை எடுத்து, கரையில மைக்ல சொல்லுவாங்க. சொன்னது சரியா தப்பான்னு கடலுக்குப் போறவன் அன்னைக்கே பாத்துடுவான். அந்த மாதிரி சாதாரண நாள்ல சோதிச்ச குரலாலதான், அசாதாரண நாள்ல ஊரைக் கிளப்ப முடியும்.

அத்தை மீன்கார அக்காவை நம்பினதும் இதனாலதான். ஐஸ் மீனை ஐஸ் மீன்னு சொல்லி விக்கிறவங்க அவங்க. பல வருஷமா தெனம் பரீட்சை வெச்சுப் பாஸ் ஆன ஆளு. என்னோட லிங்க் எந்தப் பரீட்சை எழுதிச்சு?

"தெரிஞ்சவன் சொன்னா நம்பலாம்னா, 2018 மே மாசம் போளூர் பக்கம் நடந்தது என்ன?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. குலதெய்வக் கோயில் தேடிப்போன ஒரு வயசான அம்மா, குழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்ததைப் பாத்து, பிள்ளை பிடிக்கிறவங்கன்னு ஊரே சேந்து அடிச்சே கொன்னாங்க. அந்தப் புரளியும் தெரிஞ்சவங்க போன்ல இருந்துதானே வந்திருக்கும்? ஆமா. ஆனா அனுப்பினவங்கதான் தெரிஞ்சவங்க. "நான் பாத்தேன்"னு சொல்ல அதுல ஒருத்தரும் இல்ல. என் பெரியப்பா அனுப்பின ஆடியோவும் அப்படித்தான். அனுப்பறவன் வேற, போய்ப் பாத்தவன் வேற. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிக் குடுத்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

காரைக்காலுக்கு இது ரொம்பவே முக்கியம். சுத்திலும் தமிழ்நாடு, ஆட்சி மட்டும் புதுச்சேரி. நாகப்பட்டினத்துக்கு மழை லீவுன்னு டிவியில ஓடினா, எங்களுக்கு உண்டா இல்லையான்னு தெரியறதுக்குள்ள பத்து போலி அறிவிப்பு சுத்தி வந்துடும். லீவுன்னா சிரிச்சிட்டுப் போகலாம். புயல்னா?

ஹைதராபாத்ல 2007ல இருந்து சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கு. 2012 ஏப்ரல் 11ல சுமத்ரா பக்கம் 8.6 நிலநடுக்கம் வந்தப்ப எச்சரிக்கை குடுத்தாங்க, அலை பெருசா இல்லன்னதும் சாயந்திரமே வாபஸ் வாங்கினாங்க. நல்ல வேலை. ஆனா அந்த வாபஸும் தெருவுக்கு வந்து சேரணுமே? அதைச் சொல்ல ஊர்ல ஒரு வாய் வேணாமா?

மண்டபத்தூர்ல இருந்து பட்டினச்சேரி வரைக்கும் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கு, கோயில் மைக் இருக்கு. டவுனுக்குள்ள பள்ளிவாசல் மைக், சர்ச் மைக். காது குத்துக்கு அலறுது, தேர்தலுக்கு அலறுது. தெனம் காலையில அஞ்சு நிமிஷம் காத்து, அலை, மீன் விலை, லீவு உண்டா இல்லையா - ஊர் ஆள் ஒருத்தர், யார்கிட்ட கேட்டேன்னு சேத்துச் சொல்லட்டும். தப்பாப் போனா மறுநாள் அதே மைக்ல "நேத்து சொன்னது தப்பு"ன்னு சொல்லட்டும். அரசாங்கம் கரண்ட் செலவைக் குடுத்தா போதும், குரலைக் குடுக்க வேணாம்.

நம்ம பங்குக்கு? அடுத்த தடவை குரூப்ல புரளி வந்தா, லிங்க் ஒட்டறதுக்கு முன்னாடி அந்த இடத்துல நிக்கிற ஒருத்தருக்கு போன் போடுங்க. போட ஒரு நம்பர்கூட இல்லன்னா, ஊரைத் திருத்தற பேச்சை விட்டுட்டு மொதல்ல ஊரோட பேச ஆரம்பிங்க. எனக்கும் சேத்துத்தான் சொல்லிக்கிறேன்.

டிஸ்கி: பெரியப்பா இப்பவும் ஃபார்வர்ட் பண்றார். ஆனா கீழ ஒரு வரி சேக்கறார்: "நான் பாக்கல."