முதல் காரும் மூன்று தாள்களும்

தமிழ்த்துறை மலரைக் கையில் எடுப்போர், இலக்கிய நயத்தையும் இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்தம் பெருமையையும் எதிர்பார்ப்பது இயல்பே. பதிவுச் சான்றிதழும் சாலை வரியும் காப்பீட்டுப் பத்திரமும் இங்கு எதற்கு என்று அவர்கள் வினவக்கூடும். திருமறையின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். மனிதருக்கு மனிதர் பட்டிருக்கும் பொறுப்பைத் தாளில் எழுதி உறுதிசெய்வது மார்க்கத்திற்குப் புறம்பான வேலை அன்று.

மதுரை நகரிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி வட்டாரங்களிலும் குடும்பத்தின் முதல் காரை வாங்குவோர் இன்று பெருகி வருகின்றனர். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்திலோ கடை வருவாயில் மிச்சம் பிடித்தோ வாங்கும் பலருக்கு, அது பிறர் ஓட்டிய பழைய காராகவே அமைகிறது. இயந்திரத்தின் ஓசையைக் கேட்கிறோம். டயரைத் தட்டிப் பார்க்கிறோம். இருக்கை உறையின் நிறத்தைக் குடும்பமே கூடித் தேர்ந்தெடுக்கிறது. பெயர் மாற்றம், வரி, காப்பீடு ஆகிய மூன்று மட்டும் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன. இவை போக்குவரத்துக் காவலரிடம் காட்டுவதற்கான தாள்கள் என்ற எண்ணமே இதற்குக் காரணம். எம் கருத்தில், இவை நாம் இன்னும் முகம் பார்த்திராத ஒருவருக்குரிய ஹக்கு ஆகும்.

முதலில் பெயர் மாற்றத்தைக் காண்போம். காரின் உரிமை கைமாறினால், விற்றவர் 14 நாள்களுக்குள்ளும், மாநிலத்திற்குள்ளேயே வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. படிவம் 29, படிவம் 30 என்னும் இரண்டும் இதற்கானவை. வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுவோர் நம்மிடையே உளர். இதன் விளைவை நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவாக்கியது. 2007இல் விற்கப்பட்ட அந்தக் கார் பல கைகள் மாறி, 2009இல் விபத்துக்குள்ளாகி ஓர் உயிரைப் பறித்தது. பதிவேட்டில் பெயர் மாறவே இல்லை. ஆகவே, காரை என்றோ விற்றுவிட்ட முதல் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாளர் என்று நீதிமன்றம் கூறிற்று. உயிரிழந்தோர் குடும்பம், யார் யாருக்கு விற்றார் என்று தேடி அலையலாகாது என்பதே அத்தீர்ப்பின் உட்கருத்து. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் நம்புவது நன்று. எழுதிவைத்தபின் நம்புவது அதனினும் நன்று.

அடுத்தது வரி. தமிழ்நாட்டில் 1974ஆம் ஆண்டு மோட்டார் வாகன வரிச் சட்டத்தின் கீழ், புதிய காருக்கு வாழ்நாள் வரியைப் பதிவின்போதே செலுத்துகிறோம். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வீதங்களின்படி, 5 இலட்சம் வரையிலான காருக்கு 12 விழுக்காடு, 10 இலட்சம் வரை 13 விழுக்காடு, 20 இலட்சம் வரை 18 விழுக்காடு, அதற்கு மேல் 20 விழுக்காடு என்று அமைந்தது. ஆறு இலட்சம் ரூபாய்க் காருக்கு 78,000 ரூபாய் வரி என்றால் நடுத்தரக் குடும்பத்திற்குச் சுமைதான். அதை மறுக்க மாட்டோம். அச்சுமைக்கு அஞ்சி, பிற மாநிலப் பதிவெண் கொண்ட காரை மலிவாக வாங்கி, ஆண்டுகள் பலவாக மதுரைத் தெருக்களில் அப்படியே ஓட்டுவதை நாம் ஏற்பதற்கில்லை. ஓராண்டுக்கு மேல் இங்கு வைத்திருக்கும் வண்டிக்குத் தடையின்மைச் சான்று பெற்று, இம்மாநிலப் பதிவெண்ணும் பெற வேண்டும்; உரிய வரியையும் செலுத்த வேண்டும். சாலையில் குழி கண்டால் அரசைக் கடிந்துகொள்ளும் நாம், நம் பங்கைச் செலுத்தாமல் கடிந்துகொள்வது முறையாகாது.

மூன்றாவதாகிய காப்பீடே மிக இன்றியமையாதது. மூன்றாம் நபர் காப்பீடு இன்றி எந்த வண்டியும் பொதுச் சாலையில் ஓடலாகாது என்கிறது சட்டத்தின் 146ஆம் பிரிவு. மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்கு விடியலில் மல்லிகைக் கூடையுடன் விரைபவரும், நான்குவழிச் சாலையோரம் ஆடு மேய்ப்பவரும், மதரஸா விட்டு வரும் சிறுவனும் அந்த மூன்றாம் நபராக ஆகக்கூடும். நம் பிழையால் அவருக்கு உயிரோ உறுப்போ போனால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும். பத்திரம் காலாவதியாகியிருந்தால், வீட்டை விற்றேனும் நாமே கொடுக்க வேண்டும். நம்மிடம் விற்க வீடும் இல்லையெனில் அந்தக் குடும்பம் வெறுங்கையுடன் நிற்கும்.

இதில் தமிழகத்துக்கு ஒரு பங்குண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக் குறித்து உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாகவே, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்றாண்டும் இருசக்கர வாகனத்திற்கு ஐந்தாண்டும் மூன்றாம் நபர் காப்பீட்டை முன்கூட்டியே எடுப்பது கட்டாயமாயிற்று. அம்மூன்றாண்டு முடிந்தபின் புதுப்பிக்க மறப்பதும், அந்நிலையில் கார் கைமாறுவதுமே இன்றைய இடர். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த அரசு வீதப்படி, 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஓராண்டுக் கட்டணம், வரி நீங்கலாக, 2,094 ரூபாய். நாளொன்றுக்கு ஆறு ரூபாய்க்கும் குறைவு. ஒரு குவளைத் தேநீருக்கும் போதாத தொகை.

இங்கே நம் பெரியவர்களின் ஐயத்தை மதிப்புடன் எதிர்கொள்ள வேண்டும். வட்டியும் நிச்சயமின்மையும் கலந்த காப்பீடு ஆகுமா என்று அவர்கள் தயங்குவது இறையச்சத்தினால். அத்தயக்கத்திற்கு ஆதாரமும் உண்டு. 1985இல் ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிக முறைக் காப்பீட்டை ஏற்காமல் கூட்டுறவு முறைக் காப்பீட்டையே ஏற்றது. ஆகவே நம் காருக்கு ஏற்படும் சேதத்திற்கான விருப்பக் காப்பீட்டைப் பற்றி ஆலிம்களிடம் கேட்டு அவரவர் முடிவு செய்யட்டும். மூன்றாம் நபர் காப்பீட்டின் நிலை வேறு. அது சட்டத்தின் கட்டாயம். அதன் பயன் நமக்கு வருவதும் இல்லை, பாதிக்கப்பட்டவரைச் சேருகிறது. தவறுதலாக உயிர்ப்பலி நேர்ந்தால் குற்றவாளியின் சுற்றத்தார் சேர்ந்து தியத் செலுத்தும் ஆகிலா முறையை இஸ்லாம் நிலைநிறுத்தியது. கலீஃபா உமர் (ரலி) காலத்தில், போர்வீரர் பதிவேட்டில் இடம்பெற்றோர் அப்பொறுப்பைத் தமக்குள் பகிர்ந்துகொண்டதை ஹனஃபி சட்ட நூல்கள் எடுத்துரைக்கும். ஒருவரால் தாங்க இயலாத இழப்பைப் பலர் சேர்ந்து தாங்குவது நமக்கு அந்நியமான சிந்தனை அன்று. அல்லாஹ்வின் மீது தவக்கல் வைத்து நாம் வண்டி ஓட்டலாம்; எதிரே வருபவரின் ஹக்கைத் தவக்கலின் பெயரால் விட்டுவிட நமக்கு அதிகாரம் இல்லை.

இனிச் செய்யத் தக்கது யாது? வரி செலுத்துவதும் பத்திரத்தின் காலத்தைச் சரிபார்ப்பதும் இன்று இணையத்திலேயே இயலும். எனினும் பத்திரம் ஆங்கிலத்தில் இருப்பதாலும் சொற்கள் விளங்காததாலும் நம் மக்கள் இடைத்தரகரை நாடுகின்றனர். அவர் நீட்டிய இடத்தில் ஒப்பமிடுகின்றனர். தமிழ்த்துறை மாணவர்கள் இங்குதான் பயன்பட வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்தின் முக்கியச் சொற்களை எளிய தமிழில் விளக்கி ஒரு சிறு கையேடு ஆக்கலாம். ஜும்ஆத் தொழுகைக்குப் பின் மஹல்லா ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு மேசை இட்டு, படிவங்களை நிரப்ப உதவலாம். ஒவ்வொரு வண்டியின் காப்பீடும் முடியும் நாளை ஜமாஅத்தின் பதிவேட்டில் குறித்துவைத்து, ஒரு மாதம் முன்னதாக நினைவூட்டலாம். பெரியவர்கள் இதற்கு இடம் தந்தால், உழைப்பை மாணவர்கள் தருவார்கள் என்று உறுதியாக நம்புகிறோம். அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தை, இம்மலரைப் படிக்கும் நம் ஆசிரியர்களின் வண்டிகளைக் கொண்டே தொடங்குவது பொருத்தமாயிருக்கும்.