புளிய மரத்திற்கும் ஒரு குத்தகை

பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் நெடுஞ்சாலையில், மத்தூருக்குச் சற்று முன்பாகப் பிரியும் கிளைச் சாலை கொக்கரே பெள்ளூர் என்னும் சிற்றூருக்கு இட்டுச் செல்கிறது. குளிர்காலத்தில் வந்திறங்கும் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் கோடைவரை அங்கே தங்கிக் குஞ்சு பொரிக்கின்றன. அவை கூடு கட்டுவது காட்டில் அன்று. வீட்டுக் கொல்லைகளிலும் தெருவோரங்களிலும் நிற்கும் புளி, அரசு, ஆல் ஆகிய மரங்களில். அம்மரங்களுள் பல தனியாருக்குச் சொந்தமானவை.

புளியம்பழம் உலுக்கும் பருவமும் கூட்டில் குஞ்சு இருக்கும் பருவமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. மரத்தை உலுக்கினால் கூடு சிதறும். உலுக்காவிட்டால் அவ்வாண்டின் பழத்தில் பெரும்பகுதி கை நழுவும். அவ்வூரார் தலைமுறை தலைமுறையாக இரண்டாவதையே தேர்ந்து வந்துள்ளனர். பறவைகள் வந்தால் ஊர் செழிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. எச்சம் வயலுக்கு நல்ல உரம் என்பதும் உண்மையே. ஆயினும், மீன் நாற்றத்தோடு பல மாதங்கள் வாழ்ந்து பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும்!

கூடுள்ள மரங்களின் உரிமையாளர்களுக்குக் கர்நாடக வனத்துறை ஒரு சிறு தொகை வழங்கி வருகிறது. வரவேற்கத்தக்க செயல். ஆனால் அதற்கு ‘இழப்பீடு’ என்று பெயரிட்டிருப்பதில்தான் நமக்கு உடன்பாடில்லை. இழப்பீடு என்பது நேர்ந்துவிட்ட சேதத்திற்குத் தரப்படுவது. யானை மிதித்த கரும்புக்கும் சிறுத்தை கொன்ற ஆட்டுக்கும் அது பொருந்தும். இங்கோ உரிமையாளர் நாட்டிற்கு ஒரு பணி செய்கிறார். தம் சொத்தை அதற்கென ஒதுக்கி வைக்கிறார். அதற்குத் தரவேண்டியது குத்தகை. கருணைத் தொகை அன்று.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002இல் செய்யப்பட்ட திருத்தம், தனியார் நிலத்தையும் உரிமையாளரின் இசைவோடு ‘சமூகக் காப்பகம்’ ஆக அறிவிக்க வழி செய்தது. கொக்கரே பெள்ளூர் 2007இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்தபின் நிலத்தின் பயன்பாட்டை உரிமையாளர் தாமாக மாற்ற இயலாது. காப்பகக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். கட்டுப்பாட்டை இவ்வளவு விளக்கமாகச் சொல்லும் ஏற்பாட்டில், ஆண்டு வருவாய்க்கும் உறுதியான ஓரிடம் இருந்திருக்க வேண்டாமா?

கேரளம் ஓரடி முன்னே சென்றுள்ளது. நெல்வயல்களையும் நீர்நிலப் பகுதிகளையும் நிரவுவதை 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டுப்படுத்திய அம்மாநிலம், 2020இல் வயலை வயலாகவே வைத்திருப்போருக்கு ‘ராயல்டி’ வழங்கத் தொடங்கியது. வெள்ளநீரைத் தாங்குவதும், நீர்ப்பறவைக்கும் தவளைக்கும் மீனுக்கும் இடமளிப்பதும் வயல் செய்யும் பணி என்று ஓர் அரசு ஏற்றுக்கொண்டது சிறிய செய்தி அன்று. தொடக்கத்தில் தரப்பட்டது ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். மாதத்திற்கு 170 ரூபாய்கூட இல்லை. மனை வாங்க வருபவர் சொல்லும் விலைக்கு முன் இத்தொகை எம்மாத்திரம்? வழி சரியானது, அளவுதான் போதவில்லை.

நிதி எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானது. மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்கா, 1996ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்வழி, எரிபொருள் வரியில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கியது. காட்டை அழிக்காமல் காக்கும் நில உரிமையாளருடன் அரசு ஒப்பந்தம் செய்துகொண்டு, அதன்படி பணம் வழங்குகிறது. நமக்கும் அதுவே பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கையின் தயவை எதிர்நோக்கும் திட்டத்தைவிட, தனி வருவாய் ஊற்று உள்ள திட்டம் நிலைக்கும்.

பணம் நுழைந்தால் பாசம் போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தை நாம் புறந்தள்ளவில்லை. கொக்கரே பெள்ளூரில் பணத்திற்கு முன்பே பாசம் இருந்தது. எனினும் பாட்டனார் வளர்த்த மரம் பேரன்மாரிடையே பங்காகிறது. ஒருவருக்கு வீட்டை நீட்டிக் கட்ட இடம் வேண்டும். மற்றொருவருக்கு மகளின் கல்லூரிக் கட்டணம் நிற்கிறது. அந்நேரத்தில் கோடரியைத் தடுக்கும் பொறுப்பு முழுவதையும் நம்பிக்கையின் மேலேயே ஏற்றுவது, ஊராரின் நல்ல மனத்தை நாம் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்வதாகும்.

மற்றொன்றையும் கருத வேண்டும். மரம் ஒருவருடையது, எச்சமும் இரைச்சலும் அண்டை வீட்டாருக்கும் சேர்ந்தே. பட்டா வைத்திருப்பவருக்கு மட்டும் பணம் போனால் ஊரில் பிணக்கு எழலாம். தொகையில் ஒரு பகுதி ஊர்ப் பொதுச் செலவுக்குச் சேர்வது நலம்.

எஞ்சியது உரிமையாளரின் வங்கிக் கணக்கிற்கு நேராக, குறித்த நாளில் வரவேண்டும். வைப்புத்தொகையின் வட்டி தவணை தவறாமல் வருவதால்தான் அதை நம்பி நாம் குடும்பச் செலவைத் திட்டமிடுகிறோம். புளியைப் பொறுத்தவரை அந்த நாளைக் கண்டறிவது எளிது: மரத்தைக் குத்தகை பேச வியாபாரி முன்பணத்தோடு வாசலுக்கு வருவதற்கு முந்தைய மாதம்.